ஒரே மண்டபத்தில் கல்யாணமும் சண்டையும்

ஆடி மாதத்தில் கல்யாண மண்டபங்கள் என்ன செய்யும் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? நானும் யோசித்ததில்லை. போன சனிக்கிழமைதான் தெரிந்தது. சண்டை போடும்.

என் அக்கா மகள் பிரின்சிக்கு அன்று காலை புதுச்சேரி முதலியார்பேட்டை மாதா கோயிலில் திருமணம் முடிந்தது. மாலையில் மூலக்குளத்து மண்டபம் ஒன்றில் ரிசப்ஷன். பூ அலங்காரம் செய்பவர்கள் வந்துவிட்டார்களா என்று பார்க்க மத்தியானமே நான் கிளம்பினேன். தாய்மாமன் என்றால் சும்மாவா... மோதிரமும் போட வேண்டும், எடுபிடி வேலையும் பார்க்க வேண்டும்.

மேடையில் பூ இல்லை. வரிசையாக டி.வி.க்கள். மணமக்கள் உட்கார வேண்டிய இடத்தில் இரண்டு பேர், மடியில் பட்டன் வைத்த பெட்டியோடு உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒருத்தன் இன்னொருத்தனைத் தலைகீழாகத் தூக்கி அடித்தான். கீழே ஜெர்சி போட்ட ஒரு கூட்டம் கைதட்டியது. பின்னால் பேனர்: அகில இந்திய ஃபைட்டிங் கேம் போட்டி, பத்தாம் ஆண்டு.

நீங்கள் யார் என்று நான் அவர்களைக் கேட்டேன். நீங்கள் யார் என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள்.

மண்டப மேனேஜரைத் தேடிப் பிடித்தேன். ரிசப்ஷன் என்றதும் அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஆடியில எவன் சார் கல்யாணம் வைப்பான்?"

அவர் சொல்வதும் நியாயம்தான். இந்து வீடுகளில் ஆடியில் பெண் பார்க்கக்கூடக் கிளம்ப மாட்டார்கள். ஆனால் நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்களுக்குத் தவக்காலத்தில்தான் கல்யாணம் கிடையாது, ஆடி கணக்கிலேயே வராது. போதாக்குறைக்கு மாப்பிள்ளை வீட்டார் பாரிஸில் குடியேறிய நம் ஊர்க்காரர்கள். பிரான்சில் நீண்ட லீவு கிடைப்பது ஜூலை, ஆகஸ்டில். பாரிஸ் மாப்பிள்ளை வேண்டுமா, ஆடியில்தான் கட்டிக்கொடுக்க வேண்டும். புதுச்சேரிக்கு மட்டுமே உள்ள பஞ்சாங்கம் இது!

அக்கா மண்டபத்தை முதலாளியிடம் போனில் பேசி முடித்திருந்தாள். முதலாளி அதை மேனேஜரிடம் சொல்லவில்லை. மேனேஜரோ வருஷா வருஷம் ஆடியில் ஒரு சனிக்கிழமை இந்தப் போட்டிக்கு மண்டபத்தைத் திறந்துவிடுகிறவர். அதை அவர் முதலாளியிடம் சொல்லவில்லை. ஆடி வந்தால் இருவரும் பேசிக்கொள்வதே இல்லையாம். பேச என்ன இருக்கிறது?

அக்காவுக்குப் போன் போட்டேன். ஃபிலோமினா அக்கா தலைமை ஆசிரியையாக இருந்து ரிட்டயரானவள். பாதி அலங்காரத்தில் ஆட்டோ பிடித்து வந்து இறங்கினாள். ஹால் கப்சிப். திரையில் இருந்தவன்கூட ஓங்கிய கையோடு நின்றுவிட்டான். யாரோ ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பாஸ் பட்டனை அழுத்தியிருக்க வேண்டும்.

போட்டியை நடத்துகிற சுரேந்தர் முன்னால் வந்தார். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர், முப்பத்தைந்து வயது இருக்கும். இதெல்லாம் என்ன கண்றாவி என்று அக்கா கேட்டாள். மனிதர் போட்டியின் வரலாற்றையே ஆரம்பித்துவிட்டார்.

முதல் வருஷம் முதலியார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் நடந்ததாம். ஃபைனல் மும்முரத்தில் ஒரு வீரரின் அம்மா வந்து காதைப் பிடித்து இழுத்துப் போய்விட, எதிராளிக்குக் கோப்பை. அடுத்த வருஷம் ஒரு டெய்லர் கடை மாடி. அங்கே கரண்ட் கட். கரண்ட் போகும்போது ஆட்டத்தில் யாருக்கு உயிர் அதிகம் மிச்சமோ அவரே வெற்றி என்று சட்டம் போட்டார்கள். போட்டார்களா? ஒவ்வொரு வீரரும் மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் ஒரு நண்பரை நிறுத்திவிட்டு விளையாட உட்கார்ந்தார். சட்டத்தைத் தூக்கிவிட்டு இன்வெர்ட்டர் வாங்கினார்கள்.

அதற்கடுத்த வருஷம் "அடி... விடாத... கழுத்தப் புடி" என்ற சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குப் போன் போட்டுவிட்டார். வந்த ஏட்டு, தானும் ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தார். தோற்றார். விட மனசில்லாமல் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகுதான் ஆடியில் காலியாகக் கிடக்கிற மண்டபம் என்ற யோசனை வந்தது. கோயம்புத்தூர், பெங்களூர் என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இப்போது இதையே தொழிலாக வைத்து, சம்பளம் வாங்கி விளையாடும் வீரர்கள் வருகிறார்கள். உலகம் பூராவும் நெட்டில் நேரலையாகப் பார்க்கிறார்களாம்.

அக்கா அசையவில்லை. அதற்கென்ன இப்போ, வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

சுரேந்தர் சென்னையிலிருந்து வந்திருந்த ஸ்பான்சர் கம்பெனி ஆளைக் கண்ணால் காட்டினார். கீபோர்டு விற்கிற கம்பெனி. அந்த மனிதர் அப்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கி நின்னுச்சுன்னா அவ்ளோதாம்மா. அடுத்த வருஷம் சென்னைக்கித் தூக்கினு போயிடுவாங்க. இது நம்ம ஊர்ப் போட்டிம்மா" என்றார் சுரேந்தர்.

எனக்குப் பாவமாக இருந்தது. நம் ஊரில் தொடங்கி, நம் ஊரிலேயே பெரிதான விஷயங்கள் எத்தனை இருக்கின்றன? விரல் விட்டு எண்ணலாம். நான் நடுவில் புகுந்தேன். மேடையும் ஹாலும் எங்களுக்கு. இடது பக்கச் சுவரோரம் மட்டும் அவர்களுக்கு, சத்தத்தைக் குறைத்து. ஃபாதர் வந்து செபம் சொல்வதற்குள் ஃபைனலை முடித்துவிட வேண்டும். அக்கா ஒரே ஒரு ஃபைனல் என்று விரலை உயர்த்திக் காட்டிச் சம்மதித்தாள். சுரேந்தர் அவள் காலில் விழப் போனார். புடவை கசங்கும் என்று தடுத்துவிட்டாள்.

"சம்மந்திக்கு மட்டும் கோவம் வந்துது, ஒன்னத்தான் கேப்பேன்" என்று என்னிடம் பல்லைக் கடித்தாள்.

அவள் பயம் அவளுக்கு. மாப்பிள்ளையின் அப்பா லூர்து முசியே (முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா), பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ரிட்டயரானவர். அதிகம் பேச மாட்டார். நிச்சயம் ஆனதிலிருந்து எதற்குமே கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் அக்காவுக்குச் சந்தேகம். கோபித்துக்கொள்ளாத சம்பந்தி உலகத்தில் உண்டா? எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறார், ஒரே நாளில் கொட்டப் போகிறார் என்பது அவள் கட்சி.

மாலை. பூ, கேக், வயலின்... எல்லாம் வந்தது. விருந்தினரும் வந்தார்கள். மேடையேறிப் பரிசு கொடுத்தார்கள், போட்டோவுக்குச் சிரித்தார்கள், இறங்கினார்கள். இறங்கியதும் நாற்காலியை இடது பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்! கொஞ்ச நேரத்தில் மொத்த ஹாலும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. கல்யாணப் பெண்ணுக்கு ரொம்ப சந்தோஷம். காலையிலிருந்து சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்ததாம், இப்போதுதான் வாயை மூட முடிந்ததாம்.

ஃபைனலில் ஒரு பக்கம் பெங்களூர் வீரர், அதுவரை தோற்காதவர். மறு பக்கம் நம் மூலக்குளம் தினேஷ். காலையிலேயே ஒரு முறை தோற்றவர். தோற்றவர் எப்படி ஃபைனலுக்கு வந்தார்? இந்தப் போட்டியில் அது ஒரு அழகு. ஒரு தோல்விக்கு யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். தோற்றவர்களுக்குத் தனி வரிசை, அதில் ஜெயித்துக்கொண்டே வந்தால் ஃபைனல்வரை வரலாம். இரண்டாவது முறை தோற்றால்தான் வெளியே. கணக்குப் பரீட்சையில் ஒரே ஒரு முறை கோட்டை விட்டு இங்கே பத்தி எழுத வந்தவன் நான். நெகிழ்ந்துபோனேன்.

தினேஷ் ஜெயித்தார். ஹால் எழுந்து கத்தியது. கேட்டரிங்காரர்கள் பிரியாணிக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். ஃபாதர் செபத்துக்கு எழுந்தார். அக்கா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அப்போது சுரேந்தர் மைக்கில் சொன்னார்... ஃபைனலை மறுபடியும் முதலிலிருந்து ஆட வேண்டும்.

ஏன்? பெங்களூர்க்காரர் இப்போதுதானே முதல் முறை தோற்றிருக்கிறார்! எல்லோருக்கும் முதல் தோல்விக்கு மன்னிப்பு என்றால் அவருக்கும் அதுதானே சட்டம்?

அக்கா விடுவிடுவென்று இடது பக்கம் போனாள். ஒரே ஃபைனல் என்றுதானே பேச்சு என்று கேட்டாள். சுரேந்தர் மைக்கைக் கீழே வைத்தார். இது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்தேன் என்றார். மத்தியானம் மேனேஜர் சொன்னதும் இதே கதைதான் இல்லையா? ஆடியில் கல்யாணம் கிடையாது, அது எல்லாருக்கும் தெரியும். நம் ஊரில் பாதிச் சண்டை, எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து யாரும் யாருக்கும் சொல்லாததால்தான் வருகிறது.

ஸ்பான்சர் ஆள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அக்கா லைட்காரரைக் கூப்பிட்டாள்.

"ஒயரப் புடுங்குப்பா. மாப்ள வீட்டுக்காரங்க பசியோட ஒக்காந்துனு இருக்காங்க."

சுரேந்தர் பத்து வருஷத்தையும் முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார். லைட்காரர் குனிந்தார்.

"அந்த ஒயர்ல யாரும் கை வெக்கக் கூடாது."

முன் வரிசையில் கோட் சூட்டோடு லூர்து முசியே எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. அக்கா என் கையைப் பிடித்த வேகத்தில் வளையல் எனக்குக் குத்தியது. வந்தேவிட்டது, சம்பந்தி கோபம்.

"ஆட்டம் முடியாம நான் சாப்புட வர மாட்டேன் சம்மந்தி. எங்க வூட்டு ஆளுங்க ஒருத்தரும் வர மாட்டாங்க."

சாம்பாரில் உப்பு, வரவேற்பில் குறை, வண்டியில் ஏசி இல்லை... எத்தனை கோபத்துக்கு அக்கா தயாராக இருந்தாள்! இது மட்டும் அவள் பட்டியலில் இல்லை. ஃபாதரைப் பார்த்தாள். தனக்கும் இன்னும் பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துகொண்டார். திரை நன்றாகத் தெரிகிற நாற்காலியில்.

மறுபடியும் ஆடினார்கள். லூர்து முசியே கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, "அலே தினேஷ், அலே அலே" என்று பிரெஞ்சில் உசுப்பேற்றித் தொண்டை கிழியக் கத்தினார். பாரிஸ் சொந்தமெல்லாம் சேர்ந்து கத்தியது. கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கத்துச் சொந்தமும். கடைசி ரவுண்டில் அக்காவே "வுடாதடா" என்றாள். கேட்டால் இல்லை என்பாள், நான் பக்கத்தில்தான் நின்றேன்.

தினேஷ் நூலிழையில் தோற்றார். கோப்பை பெங்களூருக்குப் போனது. ஆனால் ஸ்பான்சர் ஆள் பையை எப்போதோ கீழே வைத்திருந்தார். பந்தியில் சுரேந்தர் பக்கத்தில் உட்கார்ந்து, இப்படி ஒரு கூட்டத்தைச் சென்னையில் எங்கே போய்ப் பிடிப்பது, அடுத்த வருஷமும் இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சுரேந்தர் பிரியாணியில் கை வைத்தபடியே அழுதார். நானும் கொஞ்சம்.

ஆக, அன்று உண்மையில் ஜெயித்தது யார் என்கிறீர்களா? இதென்ன கேள்வி... கல்யாண மண்டபத்தில் சம்பந்தி என்றைக்குத் தோற்றிருக்கிறார்?