மூன்று முறை கூப்பிட வைத்த கண்டக்டர்

தேன்கனிக்கோட்டை பஸ்ஸின் கண்டக்டர் ஒல்லியானவர். காதில் பென்சில் செருகியிருப்பார். மூன்று முறை கூப்பிடாமல் திரும்ப மாட்டார். 1950களில், நான் லண்டனில் படிக்கக் கப்பலேறக் கிளம்பிய அன்று, மூன்றாவது முறைக்குத் திரும்பியவரிடம் "என்னய்யா, காது செவிடா?" என்று எரிந்து விழுந்தேன்.

"காட்டோரத்துல பொறந்தவன் சார். பேய் ரெண்டு தபாதான் கூப்பிடும். மூணாவதும் கூப்பிட்டாத்தான் மனுசன். நீங்க சீமைக்குப் போறீங்களாமே, சீமைப் பேய்க்கு மட்டும் வேற கணக்கா?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

லண்டனில் தமிழ் பேச ஆளில்லாமல் ஐந்து மாதம் போயிற்று. ஒரு காலை, கல்லூரிக்குப் போகும் வழியில், பின்னால் மூடுபனிக்குள்ளிருந்து யாரோ என்னை வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இரண்டு முறை. திரும்பத் தவித்த கழுத்தை அடக்கி, மூன்றாவதற்காக நின்றேன். வரவில்லை. திரும்பியபோது தெருவில் ஒருவருமில்லை.

அந்தக் கண்டக்டர் என்னைக் காப்பாற்றினாரா, அங்கே எனக்குக் கிடைக்கவிருந்த ஒரே துணையைப் போக்கடித்தாரா, இந்த வயதிலும் தெரியவில்லை.