பெயின்ட் அடிக்காத ஒட்டு

எங்க அண்ணிக்குத் திமிர் ஜாஸ்தின்னு சொல்லாத ஆள் கிடையாது. நாப்பத்தேழு வயசுல மலைப்பாதையில சைக்கிள் ஓட்டுற பொம்பளையை வேற எப்படிச் சொல்வாங்க? சொல்லிட்டுப் போகட்டும். பத்தொம்பது வருஷமா ஒரே பட்டறையில அவங்க இரும்புக் கதவும் மாடிப்படியும் வெல்டிங் வைக்கிறாங்க, நான் பக்கத்துல நின்னு அதுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். அவங்களைப் பத்திப் பேசணும்னா நான்தான் பேசணும்.

அவங்ககிட்ட ஒரு கெட்ட பழக்கம். எந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சாலும் ஜன்னல் கம்பியில ஒட்டுப் போட்ட இடத்தைத் தேடிப் போய், கட்டைவிரல் நகத்தால ஒரு இழு இழுத்துப் பார்ப்பாங்க. மேடு மேடா சீரா இருந்தா பேசாம வந்து உட்காருவாங்க. கிரைண்டர் போட்டு வழவழன்னு தேச்சிருந்தா, "எதையோ மறைச்சிருக்கான்"னு வீட்டுக்காரர் முகத்துக்கு நேரா சொல்லிடுவாங்க. இதனால ரெண்டு சொந்தக்காரங்க எங்களோட பேச்சையே விட்டுட்டாங்க.

ஞாயித்துக்கிழமையானா குவாரிக்குப் பின்னாடி இருக்கிற மலைக்குச் சைக்கிளோட போயிடுவாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி அங்கதான் விழுந்தாங்க. அலுமினிய ஃப்ரேம் கழுத்துகிட்ட பிளந்து போச்சு, இடது மணிக்கட்டு ஒடைஞ்சுது. நாலு மாசம் வெல்டிங் பிடியைத் தொட முடியல. எங்க அண்ணன் பஸ் டிரைவர். விடியறதுக்கு முன்னாடி எழுந்து சமைச்சு வெச்சு, அண்ணிக்குத் தலை வாரிப் பின்னிவிட்டுட்டு டூட்டிக்குப் போவான். பின்னல் கோணல்மாணலா இருக்கும். அண்ணி அதை அவுக்காமலே பட்டறைக்கு வருவாங்க.

அதனால அவன் ஒரு கண்டிஷன் போட்டான். இன்னொரு வண்டி வாங்கிக்கோ, ஆனா அதுவும் ஒடைஞ்சா அத்தோட மலை முடிஞ்சுது, சைக்கிளை ஆணியில மாட்டிடணும். அண்ணி சரின்னு தலையாட்டினாங்க. அவங்க தலையாட்டினா ஆட்டினதுதான், பேச்சு மாற மாட்டாங்க.

பிளந்த அலுமினியத்தை முதல்ல ஒட்டிப் பார்த்தாங்க. ஒட்டு நின்னுது, அதுக்குப் பக்கத்துல விட்டுப்போச்சு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டாங்க, இனிமே இரும்புதான். தன் கையால சரிபண்ண முடியாத பொருள் மேல உட்கார்ந்து மலை இறங்கறதில்லைன்னு.

கடைக்கு என்னையும் இழுத்துட்டுப் போனாங்க. கடைக்காரர் முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் வெச்ச வண்டிகளை வரிசையா காட்டினாரு. அண்ணி ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி குனிஞ்சு நகத்தை வெச்சாங்க. எல்லா ஒட்டும் வழவழன்னு இருந்துது. எதையும் மறைக்கல அக்கா, அலுமினியத்துல அழகுக்காக அப்படித்தான் செய்வாங்கன்னு அவர் தலைதலையா அடிச்சுக்கிட்டாரு. அண்ணி காதுலயே வாங்கல. "உங்க வயசுக்கு முதுகு தாங்கணும்ல"ன்னாரு பாருங்க, அதோட அந்த வரிசைப் பக்கமே திரும்பல.

மூலையில ஒண்ணு நின்னுது. ஒல்லிக் குழாய், கறுப்பு நிறம். பின்னாடி ஷாக் கிடையாது, முன்னாடி மட்டும். முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க் நல்லா முன்னுக்குச் சாஞ்சு நீண்டிருந்துது, செங்குத்தா இறங்கறப்போ ஆளைக் குப்புறத் தள்ளாதாம். அகலமான ஹேண்டில், தடி டயர், பட்டனை அமுக்கினா கீழ இறங்கற சீட்டு. வேகமா முரட்டுத்தனமா இறங்கறவங்க ஓட்டுற வண்டி அக்கா இது, பின்சக்கரம் வாங்குற அடி எல்லாம் நேரா உங்க கால்லதான் ஏறும்னாரு கடைக்காரர். அண்ணி ஒட்டைப் பார்த்தாங்க. சின்னச் சின்ன அலையா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம வரிசையா இருந்துது. "இவன் மறைக்கல. ஏறினா ஏறட்டும்"னு சொல்லி அதையே எடுத்துட்டு வந்துட்டாங்க.

இதுக்கப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கே வெக்கமா இருக்கு. ஒரு வெல்டரைத் தவிர வேற யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டாங்க.

சைக்கிள் பம்ப்பை மாட்ட ஃப்ரேம்ல இடம் இல்ல. ரெண்டு நட்டு வெச்சு ஒட்டினா போதும், ரெண்டு நிமிஷ வேலைன்னாங்க. கீழ்க்குழாயை முனைகிட்ட தட்டிப் பார்த்தாங்க, கெட்டிச் சத்தம் வந்துது. நடுவுல பெயின்ட்டைச் சுரண்டி வெல்டிங் ராடை வெச்சாங்க. புஸ்ஸுன்னு ஒரு சத்தம். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓட்டை. மலையோட மண்ணைக்கூட தொடாத புது வண்டி.

நான் கடைக்காரருக்குப் போன் போட்டேன். அந்தக் குழாய் ரெண்டு முனையிலும்தான் கெட்டியா இருக்குமாம், கனம் குறையணும்னு நடுவுல காகிதம் மாதிரி இழைச்சிருப்பாங்களாம். கதவுக் குழாய் எல்லா இடத்துலயும் ஒரே தடிமன். அண்ணிக்குத் தெரிஞ்சதெல்லாம் கதவுக் குழாய்தான்.

அண்ணி மாஸ்க்கைக் கழட்டாமலே ஸ்டூல்ல உட்கார்ந்துட்டாங்க. மலை போச்சுன்னா இந்தப் பொம்பளைக்கு வாரம் பூரா பட்டறைப் புகை மட்டும்தான் மிச்சம். நான் சொன்னேன், கவலைப்படாதீங்க அண்ணி, ஓட்டையை மக்குப் பசை வெச்சு அடைச்சு, தேச்சு, ரெண்டு கோட் பெயின்ட் அடிச்சுத் தர்றேன், அண்ணன் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தாலும் தெரியாதுன்னு. நிஜமாவே தெரியாது. என் கை அப்படி.

மாஸ்க்கைத் தூக்கி என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

"பத்தொம்பது வருஷமா அடுத்தவன் ஒட்டை நகத்தால கீறிக் கீறிப் பார்த்தவ நான். என் வண்டிக்கே மக்கு வைக்கச் சொல்றியா?"

சாயந்திரம் அவங்களே அண்ணன் முன்னாடி சைக்கிளை நிறுத்தி ஓட்டையைக் காட்டினாங்க. ஓட்டை போட்டது மலை இல்ல, நான்னு சொன்னாங்க. அண்ணன் குனிஞ்சு ஓட்டையோட விளிம்பை விரலால தடவிப் பார்த்தான். அவனுக்கும் சந்தோஷமா இல்ல.

"ஒடைஞ்சா முடிஞ்சுதுன்னு பேசினோம்ல"ன்னான்.

"பேசினோம். பேச்சு மாறல. ஒட்டித் தர்றேன். மலையில இருக்கிற பெரிய பாறையில இருந்து உங்க கண்ணு முன்னாடி இறங்கறேன். ஒட்டுல மயிரிழை விரிசல் விட்டிருந்தாலும் நானே ஆணி அடிச்சு மாட்டறேன். விடலேன்னா இனிமே என்னை யாரும் நிறுத்தக் கூடாது."

ஒரு வாரம் பழைய சைக்கிள் குழாய்களை வாங்கி வந்து, ஓட்டை போட்டு ஓட்டை போட்டு ஒட்டிப் பழகினாங்க. ராடை ஓரங்கட்டிட்டு, கேஸ்ல பித்தளைக் கம்பியை உருக்கி விட்டாங்க, சூடு கம்மியா இருக்கணுமாம். கை பழகினதும், ஒரு பழைய குழாய்த் துண்டைப் பாதியா பிளந்து, ரெண்டு முனையையும் இலை மாதிரி கூராக்கி, புது வண்டியோட ஓட்டை மேல கவுத்தி ஒட்டினாங்க. அப்புறம் பட்டறை மேடையில இருந்து நூறு தடவை சைக்கிளோட தொப்புத் தொப்புன்னு குதிச்சாங்க. பட்டறை ஓனர் வந்து பைத்தியமான்னு கேட்டாரு. ஆமான்னாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில அண்ணனும் நானும் பாறைக்குக் கீழ நின்னோம். ரெண்டு ஆள் உயரம், சுவர் மாதிரி சரிவு. மழையிலயும் பள்ளத்திலயும் பஸ் ஓட்டறவன், கை ரெண்டையும் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நின்னான். மேல சீட்டை இறக்குற சத்தம் கேட்டுது. முன்சக்கரம் விளிம்பைத் தாண்டுச்சு. கால் மடங்கி, புட்டம் பின்சக்கரத்துக்கு மேல போய், ஆள் வந்தாங்க. அடியில வேர் இருந்துது, பின்சக்கரம் அதுல மடார்னு மோதின அதிர்ச்சி எனக்கே பல்லுல தெரிஞ்சுது. அண்ணி கொஞ்ச தூரம் ஓடி நின்னாங்க. நின்னுட்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்ல. "பாருங்க"ன்னாங்க.

அண்ணன் சைக்கிளைக் கவுத்திப் போட்டான். மண்ணைச் சட்டைத் தும்பால துடைச்சான். ஜன்னல் கம்பிக்கு அவங்க குனியறப்போ எல்லாம் தலையில அடிச்சுக்கிற மனுஷன், தன் கட்டைவிரல் நகத்தை ஒட்டோட ஒரு முனையில வெச்சு, மெதுவா மறுமுனை வரைக்கும் இழுத்தான். மறுபடி இழுத்தான். விரிசல்னு எங்கயும் நகம் மாட்டல.

எழுந்து கையைத் தட்டிக்கிட்டு என்கிட்ட வந்தான்.

"துருப் பிடிக்காம வார்னிஷ் மட்டும் அடி. பெயின்ட் அடிச்சு மூடிடாதே, தெரியட்டும்."