மச்சானின் ‘ஓம்’ கேளாத மைக்

என் மச்சான் ஒரே பின்னேரத்தில் நாற்பத்துமூன்று தடவை ‘ஓம்’ சொன்னார், ‘ஆமாம்’ என்ற பொருளில். எண்ணிக்கையில் பிழையில்லை. வலக்கையில் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டே இடக்கை விரல்களின் கணுக்களில் எதையாவது எண்ணுவது என் பழக்கம்.

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் ஆண்டுதோறும் பன்னிரண்டு நாள் புராணம் படிப்பு நடக்கும். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். பக்கத்தில் இருக்கும் மற்றவர் அதற்குப் பயன் சொல்வார், அதாவது பொருளை விரித்துச் சொல்வார். வாசிப்பவர் மச்சான், என் மனைவியின் அண்ணன். பயன் சொல்பவன் நான். முப்பத்தொரு வருஷமாக ஒரே பாயில் இருக்கிறோம். இதற்குள் ஆறு பாய்கள் கிழிந்துவிட்டன.

மச்சானின் குரல் ஆறு வீடு தாண்டும். எனக்கு இரண்டு வருஷத்துக்கு முன் தொண்டையில் ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. குரல்நாணில் இருந்த சிறு முடிச்சை எடுத்தார்கள். அதோடு குரலிலும் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் இருப்பது சைக்கிள் ரியூப்பில் காற்று இறங்குவது போன்ற ஒரு சத்தம். இது என் மனைவி சொன்ன உவமை. நான் மறுக்கவில்லை.

பயன் சொல்லும்போது மச்சான் சும்மா இருக்கமாட்டார். ‘ஓம்’ என்பார், ‘அப்பிடித்தான்’ என்பார், தொண்டையைச் செருமுவார். என் மெல்லிய குரலுக்காக மைக்கின் சத்தத்தைக் கூட்டினால் அவருடைய ஓமும் கூடும். இன்னும் கூட்டினால் எங்களுக்கு முன்னால் வைத்திருக்கும் ஸ்பீக்கர் பொக்ஸ் கூவத் தொடங்கும். போன வருஷம் பன்னிரண்டு நாளும் சனத்துக்குக் கேட்டது இவ்வளவுதான்: ஓம், கூ, ஓம், அப்பிடித்தான், கூ.

இந்த வருஷம் படிப்புக்கு இரண்டு கிழமைக்கு முன் கோயில் தலைவர் வீட்டுக்கு வந்தார்.

“சேவையர் ஐயா, குறை நினைக்காதேங்கோ. இந்த முறையும் முதல் நாள் சனத்துக்குக் கேக்காட்டி, பயனைப் பதிவு செய்து ஸ்பீக்கரிலை விடுவம். நீங்கள் வீட்டிலை ஆறுதலாக் கதைச்சுப் பதியலாம்.”

நான் இளைப்பாறிய நில அளவையாளன். ஊரில் எனக்குப் பெயர் சேவையர்தான். அன்றிரவு சேவையருக்கு நித்திரை வரவில்லை. பயன் கோயிலில் இருக்க, பயன் சொல்பவன் வீட்டில் இருப்பதா? என் குரல் போனது ஒரு தடவை போதாதா?

விடிந்ததும் மச்சானிடம் போனேன். “நீர் ஓம் சொல்லுறதை விட்டால் அரைவாசிப் பிரச்சினை தீரும்.”

“அது ஏலாது மச்சான். நீர் சொல்லுறது ஒராளுக்காவது விளங்குது எண்டு சனத்துக்குத் தெரிய வேண்டாமோ?”

ஆகவே மச்சானின் வாயை மூட முடியாது என்றும், அந்த வாயைக் கேளாத மைக் ஒன்றை வாங்குவது என்றும் முடிவு செய்து, இருவரும் யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினோம்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒலிபெருக்கிச் சாமான்கள் விற்கும் கடை. முதலாளி முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். எங்கள் கதையைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. அதனாலேயே எனக்கு அவரில் நம்பிக்கை வந்தது. கண்ணாடி மேசையில் மூன்று மைக்குகளை வரிசையாக வைத்தார். மூன்றும் கறுப்பு, மூன்றுக்கும் உருண்டை வலைத்தலை. அச்சாக ஒரே மாதிரி.

“மூண்டும் டைனமிக்தான் ஐயா, கையிலை பிடிச்சுக் கதைக்கிறதுக்கு எண்டு செய்தது. எந்தப் பக்கத்துச் சத்தத்தை எடுக்கும், எந்தப் பக்கத்தை விடும் எண்டதிலைதான் வித்தியாசம்.”

சொல்லிக்கொண்டே பெட்டிகளுக்குள் இருந்த தாள்களை விரித்தார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. ஒவ்வொரு தாளிலும் ஒரு வட்டம், வட்டத்தைச் சுற்றிப் பாகைகள்! முப்பத்துநாலு வருஷம் வேலியும் ஒழுங்கையும் அளந்த மனுஷனுக்கு இப்படி ஒரு தாளைக் காட்டலாமா? பொக்கற்றிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

முதலாவதற்குப் பெயர் கார்டியொயிட். படத்தில் அது அச்சொட்டாக ஒரு வெற்றிலை. முன்னால் அகன்று, பக்கங்களில் ஒடுங்கி, நேர் பின்னால் ஒன்றுமில்லாமல் போகிறது. இரண்டாவது சுப்பர் கார்டியொயிட். வெற்றிலை இன்னும் ஒடுக்கம், ஆனால் பின்னால் ஒரு சின்னக் குமிழ். மூன்றாவது கைப்பர் கார்டியொயிட். அதைவிட ஒடுக்கம், குமிழ் அதைவிடப் பெரிது. குமிழ் இருக்கும் பக்கமும் கொஞ்சம் கேட்கும் என்று அந்தக் கடைக்காரப் பிள்ளை விளக்கினார்.

“மச்சான், நீர் எனக்கு எத்தினை பாகையிலை இருக்கிறனீர்?”

“இதென்ன கேள்வி? பக்கத்திலை இருக்கிறன்.”

அப்படி விடக்கூடிய விஷயமா இது? கடைக்காரப் பிள்ளை காட்போட் பெட்டி ஒன்றைப் பிரித்து நிலத்தில் விரித்துத் தந்தார். கோயிலில் இருப்பதுபோலவே இருவரும் காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்தோம். நான் மைக்கை வாய்க்கு நேரே பிடித்தேன். மச்சான் எழுபது பாகைக்கும் தொண்ணூறு பாகைக்கும் இடையில் இருந்தார். பேசும்போது என் கை ஆடும். ஆகவே இருபது பாகை விட்டுக்கொடுத்தேன்.

பிறகு பரீட்சை. ஒவ்வொரு மைக்குக்கும் பத்து ஓம். மச்சான் முழு ஈடுபாட்டோடு சொன்னார். வயர் வாங்க வந்த ஓட்டோக்காரர் ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்ன ஐயாமார், கலியாணப் பதிவு எழுத்தோ? உவர் இத்தினை தரம் ஓம் எண்டால் பத்துப் பொம்பிளை கொண்டந்து விடப்போகினம்!”

“ஒண்டோடையே ஏலாமல் கிடக்கு தம்பி,” என்றார் மச்சான். அதுவும் மைக்கில் போனது. கடை முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வந்து எண்ணிக்கை தவறி, ஆறாவது ஓமிலிருந்து திரும்பத் தொடங்கவேண்டியதாயிற்று.

முதல் மைக்கில் மச்சான் என் மடியில் இருந்து பேசுவதுபோல் கேட்டது. இரண்டாவதில் அடுத்த வீட்டிலிருந்து கேட்டது. மூன்றாவதில் எங்கோ தூரத்து மருதனார்மடத்திலிருந்து கேட்டது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

“மூண்டாவதைக் கட்டுங்கோ பிள்ளை!”

“பொறுங்கோ ஐயா. கோயிலிலை பொக்ஸ் எங்கை வைப்பினம்?”

“எங்களுக்கு நேர் முன்னாலை.”

“அப்ப மைக்கின்ரை வால்ப்பக்கம் பொக்ஸைப் பாத்துக்கொண்டிருக்கும். உது வாலாலையும் நல்லாக் கேக்கும், கூவும். உங்கடை கையும் ஆடுது. வாய் கொஞ்சம் விலகினால் உங்கடை குரலே போயிடும். இரண்டாவதைக் கொண்டுபோங்கோ. பொக்ஸை மட்டும் நேர் பின்னாலை வையாமல் சரிவா வையுங்கோ.”

“எத்தினை பாகை?”

தாளைப் பார்த்தார். “நூற்றிருபத்தாறு.”

நூற்றிருபத்தாறு! ஏறத்தாழ நூற்றிருபது என்றோ, கொஞ்சம் சரிவாக என்றோ அல்ல. அந்தப் பிள்ளைக்கு ஆயுசு நூறு என்று மனதுக்குள் வாழ்த்தினேன். எல்லாவற்றையும் கொப்பியில் இலக்கமிட்டு எழுதினேன். ஒன்பதாவது இலக்கம் அவர் கடைசியாகச் சொன்னது:

“வலைத்தலையைப் பொத்திப் பிடிக்காதேங்கோ. வலையின்ரை கீழ்ப்பாதியாலை காத்துப் போய்வந்தால்தான் உது மற்றப் பக்கத்துச் சத்தத்தை விலக்கும். பொத்தினால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி எடுக்கும்.”

வீட்டில் பத்து நாள் பழகினேன். வலைக்குக் கீழே நாலு விரற்கடை விட்டுப் பிடித்தேன். நடக்கும்போதும் பிடித்தேன், பத்திரிகை வாசிக்கும்போதும் பிடித்தேன்.

“இஞ்சாருங்கோ, உதை வைச்சிட்டு ஒரு வாய் சாப்பிடுங்கோ,” என்றாள் மனைவி.

படிப்புத் தொடங்கும் நாள் பின்னேரம் மூன்று மணிக்கே கோயிலுக்குப் போய்விட்டேன். வேலைக்காலத்துத் திசைகாட்டியைக் கொண்டு நூற்றிருபத்தாறு பாகையை அளந்து, வெண்கட்டியால் கோடு கீறி, அந்தக் கோட்டில் பொக்ஸை வைப்பித்தேன். புதிய சாமான் என்பதால் மைக்கைக் கோயில் ஐயரிடம் கொடுத்தேன். எங்கள் ஊரில் புதிதாக எது வாங்கினாலும், சைக்கிளானாலும் நீரிறைக்கும் மெசினானாலும், சுவாமிக்குக் காட்டாமல் பாவிப்பதில்லை. ஐயர் அதைப் புராணப் புத்தகத்தோடு சேர்த்து உள்ளே வைத்துப் பூசை செய்து, தட்டில் கொண்டுவந்து தந்தார். மைக்கில் சந்தனம், குங்குமம், சிவப்புப் பட்டு எல்லாம் இருந்தன. நான் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டேன்.

மச்சான் முதற் செய்யுளை வாசித்து நிறுத்தினார். நான் மைக்கை வாய்க்குக் கொண்டுபோய், “அதாவது” என்றேன்.

கூ!

கோபுரத்துப் புறாக்கள் அத்தனையும் கிளம்பின. முன்வரிசையில் ஏழு பேர் காதைப் பொத்தினார்கள். ஒலிபெருக்கிக்காரர் சத்தத்தைக் குறைத்ததும் மறுபடி, “அதாவது” என்றேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. “ஓம்,” என்றார் மச்சான். அது எல்லாருக்கும் கேட்டது. ஒலிபெருக்கிக்காரர் மறுபடி கூட்டினார். மறுபடி கூ.

பாயை விட்டெழுந்து திசைகாட்டியை வைத்துப் பார்த்தேன். நூற்றிருபத்தாறு. ஒரு பாகைகூடப் பிசகவில்லை. அப்படியென்றால் தெரிவுதான் பிழையா? முதலாவதையே வாங்கியிருக்கவேண்டுமா? தூணடியில் நின்ற கோயில் தலைவர் எங்களை நோக்கி நடக்கத் தொடங்கினார். தூணிலிருந்து பாய்க்குப் பதினொரு அடி. நாலு அடி வந்துவிட்டார்.

அப்போது மச்சான் என் கையைக் குனிந்து பார்த்தார்.

“என்ன மச்சான், உந்த மைக்கின்ரை கழுத்தை உப்பிடி நெரிச்சுக் கட்டிக் கிடக்கு? அது கத்தாமல் என்ன செய்யும்?”

பார்த்தேன். சிவப்புப் பட்டு இரண்டு சுற்று. வலையின் கீழ்ப்பாதி முழுவதும் பட்டுக்குள். போதாததற்கு வலைக்கண்களில் சந்தனம். ஒன்பதாவது இலக்கம்! பத்து நாளாக என் கையைத்தான் காவல் காத்தேன். பிள்ளையாரிடமிருந்து வந்த பட்டை யார் சந்தேகிப்பார்கள்?

தலைவர் எட்டாவது அடியில் இருந்தார். நான் ஐயரைப் பார்த்தேன். “ஐயா, பட்டைக் கொஞ்சம் கீழை இறக்கலாமோ?”

“தாராளமா இறக்குங்கோ. பிள்ளையாருக்கு உயரம் ஒரு பொருட்டில்லை.”

முடிச்சை வயர் பூட்டும் அடிப்பக்கம்வரை இழுத்துவிட்டேன். சால்வைத் தலைப்பால் சந்தனத்தை ஒற்றி எடுத்தேன். மூச்சை ஒரு தரம் இழுத்துக்கொண்டு, “அதாவது” என்றேன்.

என் குரல் கோயில் கிணற்றடியில் கட்டியிருந்த ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வந்தது. ஒல்லியான குரல்தான், கொஞ்சம் கரகரப்புத்தான். ஆனால் சொல் சொல்லாக வந்தது. பெண்கள் பக்கத்தில் இருந்த என் மனைவி தலையை நிமிர்த்தினாள். தலைவர் ஒன்பதாவது அடியில் நின்று, நிலத்தில் அங்கேயே இருந்துவிட்டார்.

பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை. அன்றைய பகுதி அசுரனுடைய சேனை புறப்படுவது. யானை எத்தனை, தேர் எத்தனை, குதிரை எத்தனை என்று நான் கணக்குக் காட்டக் காட்ட, பின்வரிசைகூட முன்னுக்கு நகர்ந்தது. மச்சான் ‘ஓம்’ என்றார். அடுத்த வீட்டில் யாரோ சொன்னதுபோல் கேட்டது. பொக்ஸைச் சந்தேகமாகப் பார்த்து, இன்னும் பலமாக ஒரு ‘ஓம்’ சொன்னார். அதற்கும் அதே கதி. என் முழங்கையில் இடித்தார்.

“என்ரை ஓம் எங்கை மச்சான் போட்டுது?”

எனக்கு வந்த சிரிப்பை அடக்க அசுரனின் சேனையில் இன்னும் இரண்டு பிரிவைச் சேர்க்கவேண்டியிருந்தது. பதினொரு செய்யுளுக்கு ஐம்பத்திரண்டு நிமிஷம் பயன் சொன்னேன்.

தீபாராதனை முடிந்தபின் தலைவர் வந்தார். பதிவு செய்வதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

“சேவையர் ஐயா, எல்லாம் வடிவாக் கேட்டுது. ஆனால்…” தலையைச் சொறிந்தார். “கொஞ்சம் நீண்டுபோச்சு. நாளைக்குச் சுருக்கேலுமோ?”

இரண்டு வருஷமாக ஒருவரும் என்னிடம் இப்படி ஒரு முறைப்பாடு சொன்னதில்லை. கேட்டவருக்குத்தானே நீளம் தெரியும்! அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். “எத்தினை நிமிஷம் கூடிப்போச்சு, சொல்லுங்கோ?”

“ஒரு பதினைஞ்சு நிமிஷம் வரும்.”

நாளைக்குப் பதினைந்து நிமிஷம் குறைப்பதாக வாக்குக் கொடுத்தேன். எந்தப் பதினைந்தை விடுவது என்று வீடு வரும்வரை கழித்துக் கழித்துப் பார்த்தேன். ஒரு நிமிஷத்தைக்கூட விட மனம் வரவில்லை.