ஆறாவது குருவியின் சீழ்க்கை

நோயல் ட்ரெவாஸ்கிஸை எங்கள் பறவைக் காப்பகத்தில் யாரும் வாயாடி என்று சொன்னதில்லை. நாற்பது வருஷம் ஆட்டுப் பண்ணைகளில் உழைத்துவிட்டு, மட்ஜி ஊருக்கு வெளியே இருக்கும் இந்தக் கூண்டுகளுக்குத் தீனி வைக்க வந்தவர். பேச்சு என்றால் அவருடைய நாய் பெஸ்ஸோடுதான். நான் சமையலறையில் பறவைகளுக்குப் பேரிக்காய் நறுக்கியபடி காலை முழுக்க அவரைச் சீண்டுவேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

அதனால்தான் இளம் தேன்குருவிகளை அவரிடம் ஒப்படைத்தார்கள். காட்டில் இந்தக் குருவிகள் அருகிப்போய், குஞ்சுகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரப் பெரிய ஆண் குருவிகளே அகப்படுவதில்லை. ஆகவே கூண்டில் ஒலிபெருக்கி வைத்துக் காட்டுப் பாட்டைப் போடுவோம். அதைக் கற்ற ஆண் குருவியைத்தான் வெளியே விடுவார்கள். கற்காததைப் பெண் குருவி ஏறெடுத்தும் பார்க்காது என்பதால் அதற்கு ஆயுசுக்கும் கூண்டுதான். குஞ்சுகளின் கூண்டுக்குள் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம்.

அந்த வருஷம் ஆறு ஆண் குஞ்சுகள். மார்ச்சில் பாடத் தொடங்கின. காட்டுப் பாட்டின் வாடையே இல்லை. நீளமாக இழுத்துக் கடைசியில் சரியும் ஒரு சீழ்க்கை, ஆறும் ஒரே மாதிரி. காப்பகத்தின் பறவை நிபுணர் டாக்டர் இமெல்டா எத்தனை முறை கேட்டும் அது எங்கிருந்து வந்தது என்று பிடிபடவில்லை.

கண்டுபிடித்தது பெஸ். வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஒரு குருவி சீழ்க்கையடிக்க, நாய் பொத்தென்று தரையில் படுத்தது. எழுந்தது. இன்னொரு குருவி அடித்ததும் மறுபடி படுத்தது.

"நோயல், நாயப் படுக்கச் சொல்ற உங்க விசில்தானே அது?" என்றேன்.

"உனக்கென்ன பைத்தியமா? நான் உள்ள மூச்சுகூட சத்தமா விடறதில்ல."

டாக்டர் கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார். தீனி வைக்கக் குனியும்போதெல்லாம் நோயலின் பல்லிடுக்கிலிருந்து அந்தச் சீழ்க்கை மெல்லக் கசிந்தது. வாளியோடு குனிந்தால் நாய் மூக்கை நுழைக்காமல் இருக்கப் பண்ணையில் பழகிய பழக்கம். அவருக்கே தெரியாமல் கூடவே வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனது.

"ஸ்பீக்கர் டப்பா நாளெல்லாம் பாடுது. நான் ரெண்டு நிமிஷம் நிக்கிறேன். என்னுதையா பிடிச்சுக்கும்?"

"நீங்கதானே புழு கொண்டு வர்றீங்க?" என்றார் டாக்டர். "உங்களப் பார்த்ததும் அதுங்க மூளையில டோபமைன்னு ஒண்ணு ஊறும். அப்ப காதுல விழுறது நல்லா பதிஞ்சிடும். டப்பா பாடுறப்ப ஒண்ணும் ஊறல போல."

"அப்போ என்னை மாத்திடுங்க."

"மாத்தினா கெட்டது காரியம். நீங்களே போங்க. வாயை மட்டும் கட்டுங்க. இன்னும் ரெண்டு மாசந்தான். அதுக்கப்புறம் எதுவும் ஏறாது."

மறுநாளிலிருந்து நோயல் துணி கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு உள்ளே போனார். சட்டைப் பையில் குட்டி ஒலிபெருக்கி. அவர் புழுத் தட்டோடு குனியும் நேரத்தில் மட்டும் அது காட்டுப் பாட்டைப் பாடும்.

"கொடியில காயப்போட்ட சட்டை மாதிரியே இருக்கீங்க" என்று நான் கிண்டலடித்தால், வாயில் கிளிப்போடு முறைப்பார்.

ஐந்து குருவிகள் மெல்ல மெல்ல மாறின. எல்லாவற்றிலும் சின்னது மட்டும் மாறவில்லை. குளிர்காலம் முடிந்ததும் ஐந்தையும் பள்ளத்தாக்கில் கொண்டுபோய் விட்டோம். அந்த மாதத்தோடு நோயலும் வேலையை விடுவதாக இருந்தார். யாம்பாவில் கடலோரம் தங்கை வீடு, நாளெல்லாம் தூண்டில். கடிதம்கூடக் கொடுத்தாகிவிட்டது.

திரும்பி வந்ததும் மிஞ்சிய சின்னதைக் காட்டி டாக்டரிடம் கேட்டார்.

"இவன் இனிமே கத்துக்கவே மாட்டானா?"

"மாட்டான், நோயல். வயசு தாண்டிடுச்சு."

"எத்தன வருஷம் இருப்பான்?"

"நல்லா பார்த்துக்கிட்டா பத்து வருஷம்."

"அவன் ஒழுங்காத்தான் கத்துக்கிட்டான். சொல்லிக் குடுத்தவன்தான் சரியில்ல" என்றார் நோயல். அலுவலகத்துக்குப் போய்க் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

இப்போது அவருக்கு எழுபத்து மூன்று. தங்கை கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டாள். தனிக்கூண்டில் அந்தக் குருவி தினமும் காலையில் சீழ்க்கையடிக்கும். நோயல் பதிலுக்கு அடிப்பார். அதற்குப் பதில் சொல்ல உலகத்தில் வேறு ஆள் கிடையாது.