நின்றவனையும் எண்ணியவள்

இடது கை அளவுகோலை அழுத்திப் பிடித்திருக்கிறது. வலது கை கோடு இழுக்கிறது. ஆட்டத்தின் முதல் கால்பகுதிக்கும் மூன்றாவதற்கும் சிவப்பு மை, மற்ற இரண்டுக்கும் நீலம். கோடு முடிகிற இடத்தில் மை திரளாதபடி விரல்கள் பேனாவைச் சட்டென்று தூக்கிவிடுகின்றன. பக்கத்தில் மடிக்கணினியில் கூடைப்பந்து ஆட்டம் ஓடுகிறது. சுண்டுவிரல் அதை நிறுத்துகிறது, பின்னால் தள்ளுகிறது, மறுபடி ஓடவிடுகிறது. மூன்று முறை பார்த்த பிறகுதான் தாளில் எண்ணிக்கைக்கு ஒரு குச்சி விழுகிறது.

நெரிடா போமனுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்திரேலியாவில் பண்டபெர்க் ஊரின் கரும்பாலை ஆய்வகத்தில் சாற்றின் இனிப்பை அளப்பவள். அரவை முடிந்துவிட்டால் அவளுக்குக் கூடைப்பந்துதான். ஊரின் தொழில்முறை அணிக்கு ஆமைகள் என்று பெயர். அப்படிப் பெயர் வைத்தவரை ஊர் இன்னும் மன்னிக்கவில்லை. பதினொரு வருடமாக, பருவத்தின் பாதியில், அதுவரை நடந்ததையெல்லாம் ஒரே தாளில் எழுதி அரங்க வாசலில் ஒட்டுவாள். யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதை லீக்காரர்களே எண்ணிவிடுகிறார்கள். அவர்கள் எண்ணாததைத்தான் இவள் எண்ணுவாள்.

இந்த வருடம் எண்ணியது மறிப்பு. அணியின் நட்சத்திரம் ட்ரெவான் பந்தோடு ஓடும்போது அவனைத் துரத்துகிறவனின் வழியில் ஒருவன் கல்லாக நிற்பான். துரத்துகிறவன் அவன் மேல் மோதித் தடுமாறும் அரை நொடியில் ட்ரெவான் பந்தைக் கூடையில் போட்டுவிடுவான். கைதட்டல் அவனுக்கு. நின்றவன் பெயர் விலியாமி, டோங்காக்காரன். தோள் விலகிப்போன ஒருவனுக்குப் பதிலாகப் பாதிப் பருவத்துக்கு எடுத்த ஆள். ஆட்டத்துக்கு இரண்டரைப் புள்ளிகூடத் தேறாது. தோள்காரன் குணமாகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பதினான்காவது ஆட்டம். அதோடு விலியாமியின் ஒப்பந்தம் தீர்கிறது. அதற்குப் பிறகு ஆக்லாந்தில் பழைய கிடங்கு வேலைதான்.

"எல்லாரும் ஓடறவன எண்ணுவாங்க, நீ நிக்கறவன எண்ணிட்டிருக்கே," என்றான் கிளைவ். டயர் கடைக்காரன், அரங்கத்தில் அவளுக்கு அடுத்த இருக்கை; அன்று அவள் வீட்டுக்கு வந்திருந்தான்.

"ஒருத்தன் நின்னாத்தான் இன்னொருத்தன் ஓட முடியும்."

"அப்ப எங்க கடை வாசல்ல ஒரு கம்பம் நிக்குது, அதுக்கும் ஒரு குச்சி போடு. தெனம் எவனாவது ரிவர்ஸ்ல வந்து மோதறான்."

நெரிடா சிரிக்கவில்லை. அவள் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. உள்ளூர் ஆட்டங்களில் அவள் உட்காருவது பயிற்சியாளருக்கு நேர் பின்னால். ஆறடி நாலங்குல மனிதர், பதற்றம் வந்தால் எழுந்து நின்றுவிடுவார். இடது மூலை அப்படியே மறைந்துபோகும். அங்கே விழுந்த மறிப்புகள் ஒன்றுகூடத் தாளில் இல்லை. அந்த ஏழு உள்ளூர் ஆட்டங்களையும் திரையில் மறுபடி பார்த்தாள். பத்தொன்பது கிடைத்தன. ட்ரெவான் போட்ட நூற்று நாலு கூடைகளில் அறுபத்தொன்று விலியாமியின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தவை.

அவள் தேநீர் எடுக்கப் போன நேரத்தில் கிளைவ் தாளைப் படம் பிடித்து ரசிகர் குழுவில் போட்டுவிட்டான்.

"அறிவிருக்கா உனக்கு? முடியாத கணக்க எவனாவது வெளிய விடுவானா?"

"ஞாயித்துக்கிழம முடிஞ்சுடும். ஆனா அன்னைக்கே அவனும் போயிடுவான். அப்புறம் நீ முடிச்சு யாருக்குக் காட்டப்போறே?"

நெரிடா தாளைத் தன் பக்கம் இழுத்து, ஞாயிற்றுக்கிழமைக்கான கட்டத்துக்குக் கோடு போட்டாள்.

ஞாயிறு மதியம் இரண்டு மணி. வந்திருந்தது பட்டியலில் முதலிடத்து அணி. ட்ரெவானின் முதல் கூடை விழுந்ததும் மேல் வரிசையில் யாரோ "ஒண்ணு" என்றார்கள். கூடையை அல்ல, மறிப்பைச் சொன்னார்கள். அடுத்ததற்கு நூறு பேர் "ரெண்டு" என்றார்கள். இடைவேளைக்குள் அரங்கம் முழுக்க ஒரே குரலில் எண்ணியது. எதிரணியினர் பந்தை விட்டுவிட்டு விலியாமி எங்கே நிற்கிறான் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்; பார்த்துக்கொண்டே போய் அவன் மேலேயே மோதினார்கள்.

மூன்றாவது கால்பகுதியில் பயிற்சியாளர் எழுந்தார்.

"கோச், உக்காருங்க," என்று கிளைவ் கத்தினான். "பொம்பள எண்ணிட்டிருக்கா, மறைக்காதீங்க."

சுற்றிலும் சிரிப்பு. அவர் திரும்பி, மடியில் தாளோடு இருந்தவளைப் பார்த்தார். உட்கார்ந்தார். பிறகு எழவே இல்லை. முழங்காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றிரண்டுக்கு எண்பத்தைந்து. ஆமைகள் ஜெயித்தன. விலியாமி எடுத்தது மூன்றே புள்ளி. எல்லோரும் எழுந்து நின்று கத்தியது அவன் பெயரை.

கூட்டம் கலைந்த பிறகும் நெரிடா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அணியின் மேலாளர் பெவர்லி படியேறி வந்தாள்.

"நிர்வாகத்துல மூணு பேரும் இங்கதான் இருந்தாங்க. மூணாவது கால்பகுதியிலயே என்னைக் கூப்பிட்டு, இவன எதுக்கு அனுப்பறோம்னு என்னையே கேக்கறாங்க. தோள்காரனும் இருப்பான், இவனும் இருப்பான். பருவம் முடியற வரைக்கும். இப்பத்தான் கையெழுத்துப் போட்டான்."

"நெசமாவா?"

"அவனையே கேளு."

பின்னால் விலியாமி நின்றிருந்தான். துண்டு தோளில், தாடையில் யாருடைய முழங்கையோ பட்ட வீக்கம்.

"அக்கா, அந்தத் தாள எனக்குத் தருவீங்களா?"

"வாசல்ல ஒட்டணுமேப்பா."

"போட்டோ எடுத்து ஒட்டுங்கக்கா. இத அம்மாவுக்கு அனுப்பணும். ரெண்டு புள்ளி எடுக்கறதுக்கா கடல் தாண்டிப் போனேன்னு வாரா வாரம் போன்ல கேக்கறாங்க."

"குடுத்துடு, கால் வலிக்க நிக்கறான்," என்றான் கிளைவ்.

"இரு. கூட்டல் முடியல."

இன்றைக்குப் பதினொரு கூடை, அதில் எட்டு. கடைசிக் கட்டத்தில் நீல மையில் எழுதினாள்: நூற்றுப் பதினைந்தில் அறுபத்தொன்பது. மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை கூட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது. மை காயும்வரை ஊதினாள். பிறகு எழுந்து, மடிப்பு விழாமல் இரண்டு கைகளாலும் தாளைப் பிடித்து அவனிடம் நீட்டினாள்.