செத்த காலேஜில் ஒரு நேர்த்திக்கடன்

ஆண்டாயிக்கு யாரையும் கண்டால் ஆகாது. மாமியாரைக் கண்டால் ஆகாது, கோடாங்கியைக் கண்டால் ஆகாது, அரியலூர் ஸ்டேஷன் மாஸ்டரின் தொப்பியைக் கண்டால்கூட ஆகாது. வாய் மட்டும் இல்லாவிட்டால் அவளை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று ரயில்வே லயன் பெண்கள் சொல்வார்கள். அவர்களையும் அவள் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. தண்டவாளத்தில் சல்லி தட்டும் கேங்மேன் அரியமுத்து அவளுக்குப் புருஷன். நல்லவன்தான். ஆனால் யார் எதைச் சொன்னாலும் நம்புவான். அந்தக் குணத்தை அவள் வியாதி என்றே சொல்வாள்.

இத்தனை வாய் இருந்தும் அவளுக்கு ஒரு பயம் உண்டு. அவள் சின்ன மகள் செம்பாயிக்குப் பிறந்ததிலிருந்தே வலது கை சூம்பியிருந்தது.

அந்தக் கைக்கு ஊரே ஒரு கதை வைத்திருந்தது. ஆண்டாயியின் அப்பன் குழந்தைவேல் குரும்பலூர் பக்கம் ஒரு பண்ணையில் ஆளாயிருந்தான். மேட்டை வெட்டிச் சமன் செய்தபோது மம்புட்டியில் ஏதோ தட்டியது. தோண்டினால் அம்மன் சிலை. பண்ணையார் சொல்ல, அவனே அதைத் தலையில் சுமந்து களத்துக்குக் கொண்டுவந்தான். சுமக்கிற வரைக்கும் தீட்டு இல்லை. இறக்கி வைத்ததும் தீட்டு வந்துவிட்டது! பால் ஊற்றிக் கழுவினார்கள். கழுவினால் சிலைக்கு வலது கை இல்லை. மம்புட்டியால் வெட்டினவன் இவன்தான் என்று புளியமரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். அப்புறம் தாசில்தார் வந்து, பூமிக்குள் கிடைத்தது சர்க்காருக்குச் சொந்தம் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஆத்தா ஊரை விட்டுப் போனதுகூடக் குழந்தைவேல் குற்றம்தான். சில வருஷம் கழித்து அவனுக்கு வலது கையில் வாதம் விழுந்தது. "பாத்தியா?" என்றது ஊர். அவனும் அதை நம்பியே செத்தான். பேத்தி பிறந்தபோது ஊருக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

"ஆத்தாளுக்கு வேற சோலி இல்லியா?" என்று ஆண்டாயி ஊரின் முகத்தில் அடித்தாற்போலக் கேட்பாள். ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அந்தக் கை தட்டுப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மாமியார் அந்தக் கையைத் துணியால் சுற்றியே வைத்திருப்பாள், நாலு பேர் கண்ணில் படக்கூடாதாம். ஆண்டாயி அந்தத் துணியை ஒருநாளும் அவிழ்த்து எறியவில்லை. தன்மேல் அவளுக்கு இருந்த இளக்காரம் அந்த ஒன்றில்தான்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் கோடாங்கி கண்ணையன் உடுக்கை அடித்து வாக்குச் சொன்னான். அந்த ஆத்தா காலிலேயே பிள்ளையைப் போட்டு, வெள்ளித் தகட்டில் கை செய்து வைத்து, தேங்காய் உடைத்தால் குற்றம் தீருமாம். சர்க்கார் கொண்டுபோன சாமியெல்லாம் பட்டணத்து மியூசியத்தில், ஜனங்கள் செத்த காலேஜ் என்கிற இடத்தில், இருப்பதாக யாரோ சொன்னார்கள். அரியமுத்து ரயில்வே பாஸ் எழுதி வாங்கிவிட்டான்.

எழும்பூரில் இறங்கிக் கேட்டுக் கேட்டு நடந்தார்கள். உள்ளே நுழைந்ததும் மூத்த மகன் பாவாடை, திமிங்கில எலும்புக்கூட்டின் கீழே நின்றுகொண்டு வரமாட்டேன் என்றான். செம்பாயி ஒண்ணுக்கு வருகிறது என்றாள். "செத்ததையெல்லாம் அடுக்கி வச்சிருக்கான், அத உசுரோட இருக்கறவன் வரிசையா வந்து பாக்கறான். பைத்தியக்காரப் பய ஊரு" என்றாள் ஆண்டாயி.

சிலைகள் இருந்த கூடத்தில் அரியமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காவல்காரரிடம் பவ்யமாகக் கேட்டான். "பூசாரி எங்கங்க? உண்டியல் எந்தப் பக்கமுங்க?"

காக்கிச் சட்டைக்காரர் அவன் பையை எட்டிப் பார்த்தார். தேங்காய், கற்பூரம், வெள்ளிக் கை. "யோவ், இது கோயில் இல்லய்யா. கற்பூரம் கொளுத்துனா நேரா ஸ்டேஷன்தான். பாத்துட்டுப் போ. எதையும் தொடாதே."

ஆண்டாயிக்குச் சுருக்கென்றது. "இங்கயும் எங்களுக்கு மட்டும்தானா?"

"கலெக்டரே வந்தாலும் தொடக்கூடாதும்மா."

பண்ணையார் பட்டு வேட்டியோடு இங்கே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். பட்டணத்தில் அவளுக்குப் பிடித்துப்போனது அந்த ஒன்றுதான்.

ஆத்தாளைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. இடுப்பை ஒடித்து நின்ற நிலை, வலது மணிக்கட்டோடு முடிந்துபோன கை. சின்ன வயதில் களத்தோரம் நின்று பார்த்தவள் மறப்பாளா? அரியமுத்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். வேடிக்கை பார்க்க வந்த ஒரு துரையும் துரைசாணியும் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஆண்டாயிக்குச் சிரிப்பு வரவில்லை.

"விழு பாப்பா, ஆத்தா கால்ல விழு" என்றான் அவன்.

செம்பாயி விழவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். "எந்த ஆத்தாப்பா? அதுக்கும் கை இல்ல. அந்தா, அதுக்கும் இல்ல."

ஆண்டாயி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். வரிசையாகச் சாமிகள். ஒன்றுக்கு முழங்கையோடு இல்லை, ஒன்றுக்கு மூக்கு இல்லை, நாலு கைச் சாமி ஒன்று ஒற்றைக் கையோடு சிரித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, இந்தச் சாமிக்கெல்லாம் கைய யாரு வெட்டுனது?" என்று காவல்காரரிடம் கேட்டாள்.

"யார் வெட்டுவாங்க? எத்தனையோ காலமா மண்ணுல கெடந்தது. எடுக்கும்போதே பாதி இப்படித்தான் வரும்" என்று சொல்லிவிட்டு அவர் கொட்டாவி விட்டார்.

புளியமரம் அவள் கண்ணில் வந்தது. அப்பன் முதுகு வந்தது. பிறகு அவள் வாய் திறந்தது. காவல்காரர் வாசல்வரை விரட்டியும் மூடவில்லை. "இத்தன சாமி கையையும் எங்கப்பனாடா வெட்டுனான்? ஊரா அது? தன் கையவே காப்பாத்திக்கத் தெரியாதவ எம்புள்ள கைய வாங்கிட்டாளாம்! நம்புனியேய்யா. நானும் நம்புனனே, என்னச் சொல்லணும்!"

"சாமி குத்தம் ஆயிரும் புள்ள" என்று அரியமுத்து கெஞ்சினான். பாவாடை திமிங்கிலத்துக்காக அழுதுகொண்டே வந்தான்.

எழும்பூர் பிளாட்பாரத்தில் அவள் பையிலிருந்து தேங்காயை எடுத்தாள். கல்தூணில் ஒரே போடு. சாமிக்கு என்று சுமந்து வந்த காய் இரண்டாய்ப் பிளந்தது. அரியமுத்து கண்ணை மூடிக்கொண்டான். அவள் ஒரு சில்லைப் பெயர்த்துச் செம்பாயியிடம் நீட்டினாள். பிள்ளை வழக்கம்போல இடது கையை நீட்டியது.

ஆண்டாயி கொடுக்கவில்லை. குனிந்து, வலது கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துத் தண்டவாளத்தில் வீசினாள்.

"சோத்துக் கையில வாங்குடி" என்றாள்.