கொட்டாங்குச்சிக் கரி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தலையில் துணி மூட்டை சுமந்து, பிறகு கள்ளக்குறிச்சியில் முதன்முதலாக டிரைகிளீனிங் மிஷின் போட்டவனும் நான்தான். திருக்கோவிலூர், மணலூர்பேட்டையிலிருந்தெல்லாம் பட்டுப்புடவை வரும்.

கீழே கடை, மேலே வீடு. கறை எடுக்கும் மருந்தின் இனிப்பு வாடை வீடு முழுக்க நிற்கும். மனைவிக்குத் தினமும் தலைவலி. மிஷின் கம்பெனிக்காரன் ஒரு வடிகட்டி வாங்கச் சொன்னான். நான் வாங்கவில்லை. தகரப் பெட்டியில் கம்பி வலை அடித்து, கொட்டாங்குச்சிக் கரியை நொறுக்கிக் கொட்டி, பின்னால் ஃபேன் வைத்தேன். இரண்டே நாளில் வாடை போய்விட்டது. வந்தவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினேன்.

சில மாதத்தில் வாடை திரும்பியது. கோட்டை வெளுக்கப் போட வந்த கெமிஸ்ட்ரி வாத்தியாரிடம் கேட்டேன்.

"கரி அத்த அழிக்காது பாய். பொத்தல் பொத்தலா இருக்குல்ல, அதுல புடிச்சி வச்சிக்கினு இருக்கும். ரொம்பிடுச்சின்னா வேற போடுங்க. பழசத் தூக்கிப் போட்டுடுங்க."

"சார் மாச சம்பளக்காரரு, தூக்கிப் போடுவாரு" என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

புதுக்கரி போட்டேன். பழையதை மனைவியின் இஸ்திரிப் பெட்டிக்குக் கொடுத்தேன். கரி கரிதானே என்று நினைத்தேன்.

"இன்னாங்க இது, தொண்டையக் கிழிக்குது?"

"கரின்னா புகையத்தான் செய்யும். கல்யாணத் துணி, சாயங்காலம் வந்துடுவாங்க."

அவள் முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் தேய்த்து முடித்தாள். அன்றிரவே இருமல் பிடித்துக்கொண்டது. மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை.

ஓடிப்போய், பழைய கரியை இஸ்திரிக்குப் போட்டதை வாத்தியாரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "கரி புடிச்சி வச்சிருந்த அந்தக் கறை மருந்துல குளோரின் இருக்கு பாய். நெருப்புல பட்டா விஷக் காத்து. மொதல்ல டாக்டருகிட்ட போயி இத்தச் சொல்லுங்க."

டாக்டர் கேட்டார்: "எதையாவது சுவாசிச்சாங்களா?"

இத்தனை பேருக்குப் பெருமையாகக் காட்டிய கரிப்பெட்டியைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அடுப்புப் புகைங்க" என்றேன். இருமலுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் அவள் மெதுவாகக் கேட்டாள். "அடுப்புப் புகைன்னா சொன்னீங்க? நம்ம வூட்ல கேஸுதானங்க?"

"பேசாத. மூச்சு வாங்குது பாரு" என்றேன்.

அதன்பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மூச்சு மட்டும் இன்றுவரை வாங்கிக்கொண்டிருக்கிறது.